நாணுக்கு என்ன விலை: சர்வைவல் கேம்களில் முதல் வில்

கையில் கிடைப்பதை வைத்து உயிர்பிழைக்கும் சர்வைவல் கேம் எதை எடுத்தாலும் வில்லுக்கான கட்டை சும்மா கிடைக்கும். உள்ளே நுழைந்த இரண்டு நிமிடத்தில் கை நிறைய மரம் சேர்ந்துவிடும். அப்படியும் வில் கைக்கு வராது, ஏனென்றால் நாண் இருக்காது. பல வருடம் விளையாடிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. விளையாட்டை உருவாக்கியவர்கள் வில்லுக்கான விலையை நாணில்தான் வைத்திருக்கிறார்கள். சிலந்தி நூல், பன்றித் தோல், செடியிலிருந்து துணி, விலங்கின் குடல் என்று ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. அதைத் தேடிப் போகிற வழியிலேயே அந்த விளையாட்டின் குணம் தெரிந்துவிடும்.

மைன்கிராஃப்ட்டில் மூன்று குச்சியும் மூன்று நூலும் பொருள் செய்யும் மேசையான கிராஃப்டிங் டேபிளில் வைத்தால் வில் தயார். நூல் இருப்பது சிலந்தியிடம். ஒரு சிலந்தியைக் கொன்றால் அதிகபட்சம் இரண்டு நூல் விழும், சில நேரம் ஒன்றுமே விழாது. அதனால் குறைந்தது இரண்டு, வழக்கமாக மூன்று நான்கு சிலந்தியாவது வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் இரவோடு இரவாக வெளியே போய், சிலந்தியோடு மல்லுக்கட்டும்போது பின்னால் வந்து வெடிக்கும் கிரீப்பரிடம் உயிரை விடுவார்கள். அந்த அவசரம் தேவையே இல்லை. நல்ல வெளிச்சத்தில் சிலந்தி தானாக வந்து தாக்காது. விடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். விடிந்ததும் புல்வெளியில் தனியாகத் திரியும் சிலந்தியை நீங்களே தேடிப் போய் அடிக்கலாம். முதல் அடி உங்களுடையதாக இருக்கும், அதுவே பாதி வெற்றி. கைவிடப்பட்ட சுரங்கம் கண்ணில் பட்டால் இன்னும் சுலபம். அங்கே தொங்கும் வலைகளை வாளால் வெட்டினால் வலைக்கு ஒரு நூல்.

வால்ஹைமில் முதல் வில்லுக்குப் பத்து மரமும் எட்டுத் தோல் துண்டும் வேண்டும். தோல் துண்டு காட்டுப்பன்றியிடம் கிடைக்கும். இதன் வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். மான் நம்மைக் கண்டதும் ஓடிவிடும், ஆகவே அதற்கு வில் வேண்டும். பன்றியோ எதிர்த்து வரும், ஆகவே அதற்குக் கையில் ஒரு தடி போதும். எதிர்த்து வருவதை அடித்து, ஓடுவதை வீழ்த்தும் கருவியைச் செய்துகொள்கிறோம். அடுத்த கட்டமான ஃபைன்வுட் (உயர்தர மரம்) வில்லோ இரண்டு மான்தோல் கேட்கும். முதல் வில் பன்றியிலிருந்து பிறந்தது, இரண்டாவது வில் முதல் வில்லால் வேட்டையாடிய மானிலிருந்து பிறக்கிறது. இதை யாரும் எங்கும் விளக்கிச் சொல்வதில்லை, ஆடுகிற கை தானாகக் கற்றுக்கொள்கிறது.

ரஸ்ட்டில் 200 மரம், 50 துணி. ஒரு ஹெம்ப் செடியைப் பறித்தால் பத்துத் துணி, ஆக ஐந்து செடி. பட்டறை மேசைகூட வேண்டாம், கையிலேயே செய்துவிடலாம். கணக்குப்படி நான் இங்கே பேசும் ஐந்து விளையாட்டுகளில் மிக மலிவான வில்களில் இதுவும் ஒன்று. ஆனால் செடி நிற்பது திறந்த வெளியில். நம்மைப் போலவே கையில் கல்லோடு வந்து இறங்கிய அத்தனை பேருக்கும் அதே செடிதான் வேண்டும். குனிந்து பறிக்கும் அந்த ஒரு நொடியில் முதுகு வெறுமையாக இருக்கிறது. ஐந்தாவது செடிக்குப் போகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அதுதான் அந்த வில்லின் உண்மையான விலை. துணி தேட மனமில்லை என்றால் மர ஈட்டி இருக்கிறது, 300 மரம் மட்டும் போதும். முதல் பத்து நிமிடத்துக்கு ஈட்டி நல்ல மாற்றுதான், ஆனால் எதிரியிடம் வில் இருந்தால் நீங்கள் அவரை நெருங்குவதற்குள் கதை முடிந்துவிடும்.

தி ஃபாரஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குச்சி, ஒரு துணி, ஒரு கயிறு. கயிறு கிடைக்காவிட்டால் ஏழு துணியை முறுக்கி ஒரு கயிறு செய்யலாம். ஆக, அந்த வில்லின் அசல் விலை எட்டுத் துணி. விமானம் விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் பெட்டிகளை உடைத்தாலே அது தேறிவிடும். நாணுக்காகச் சிரமப்படத் தேவையில்லாத விளையாட்டு இது. அதனாலோ என்னவோ, அந்த வில் என் மனதில் பெரிதாக நிற்கவில்லை.

மனதில் நிற்பது தி லாங் டார்க்கின் வில்.

அங்கே வேண்டியது காய்ந்த மேப்பிள் கன்று ஒன்று, காய்ந்த குடல் இரண்டு. கேட்பதற்கு எளிது. ஆனால் வெட்டிய மேப்பிள் கன்று காய ஆறு நாள், குடல் காய ஐந்து நாள் ஆகும், அதுவும் கூரைக்குள் தரையில் போட்டுவைத்தால்தான். ஒரு முயலில் ஒரு குடல், ஒரு மானில் இரண்டு. வில் இல்லாமல் மானை வீழ்த்துவது கடினம் என்பதால் பெரும்பாலும் முயல்தான். கல்லை எறிந்து மயக்கி, ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அப்படி இரண்டு முயல் பிடித்து, குடலை எடுத்து, கன்றோடு சேர்த்துத் தரையில் பரப்பிவிட்டு, அப்புறம் ஆறு நாள் வயிற்றைக் கழுவ வேண்டும். வெளியே பனிப்புயல், உள்ளே விறகு குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு முறை குடிசைக்குத் திரும்பும்போதும் நான் செய்யும் முதல் வேலை அந்தக் கன்று எத்தனை சதவீதம் காய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான். வேறு எந்த விளையாட்டும் ஒரு குச்சியை இவ்வளவு ஆசையோடு பார்க்க வைத்ததில்லை. மற்ற நான்கும் நாணுக்காக அதிகபட்சம் ஒரு சண்டையையோ ஓட்டத்தையோதான் கேட்கின்றன. இது நாட்களைக் கேட்கிறது. பசியும் குளிரும் எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தில் நாட்களைவிட விலை உயர்ந்த பொருள் ஏது?

இண்டர்லோப்பர் என்ற கடினமான நிலையில் துப்பாக்கியே கிடைக்காது. அங்கே வில் கூடுதல் வசதி இல்லை, தூரத்திலிருந்து வேட்டையாட அது ஒன்றுதான் வழி.

சரி, வில் வந்துவிட்டது. அம்பு?

ஒப்பிடுவதற்கு 20 அம்பு என்று வைத்துக்கொள்வோம். வால்ஹைமில் எட்டு மரம், அவ்வளவுதான். ஒரு சின்ன மரத்தை வெட்டினால் முடிந்தது. தி ஃபாரஸ்ட்டில் நான்கு குச்சியும் இருபது இறகும். மைன்கிராஃப்ட்டில் ஒரு சக்கிமுக்கிக் கல், ஒரு குச்சி, ஓர் இறகு சேர்ந்தால் நான்கு அம்பு வரும், ஆக இருபதுக்கு ஒவ்வொன்றிலும் ஐந்து. ரஸ்ட்டில் 25 மரமும் பத்துக் கல்லும் சேர்ந்து இரண்டே அம்பு, ஆக இருபதுக்கு 250 மரம், 100 கல். கவனித்தீர்களா, வில்லைவிட அம்புக்கே அங்கே அதிக மரம் போகிறது. அதனால் ரஸ்ட்டில் எய்த அம்பைத் தேடி எடுப்பது பழக்கமாகிவிட வேண்டும். சிலது உடைந்துவிடும், மீதி தரையிலும் மரத்திலும் குத்தி நிற்கும்.

மைன்கிராஃப்ட்டில் சக்கிமுக்கிக் கல்தான் கழுத்தைப் பிடிக்கும். சரளையைத் தோண்டினால் பத்தில் ஒரு முறைதான் அது வரும், மற்ற நேரம் சரளையே திரும்ப வரும். அதையே மறுபடி வைத்து மறுபடி தோண்டலாம், பொறுமை இருந்தால். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பக்கத்தில் கிராமம் இருந்தால் அம்பு செய்யும் ஃபிளெட்சர் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பேன். அவர் 32 குச்சிக்கு ஒரு மரகதம் கொடுப்பார், ஒரு மரகதத்துக்கு 16 அம்பு கொடுப்பார். நான்கு மரத்துண்டிலிருந்து 32 குச்சி வரும். அதாவது, நான்கு மரத்துண்டுக்கு 16 அம்பு, சரளையும் வேண்டாம், கோழியும் வேண்டாம். நிறையப் பேர் மாதக்கணக்கில் ஆடியும் இதைக் கவனிக்காமல் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். இன்னொன்று: குறி தப்பி மண்ணில் குத்திய உங்கள் அம்பை எடுத்துக்கொள்ளலாம், ஒரு நிமிடத்துக்குள். அதற்கப்புறம் மறைந்துவிடும். எலும்புக்கூடு எய்த அம்பை எடுக்க முடியாது.

தி லாங் டார்க்கில் இருபது அம்பு என்று பேசுவதே பேராசை. ஓர் அம்புக்கு ஒரு முனை, ஒரு தண்டு, மூன்று காக்கை இறகு. தண்டு காய்ந்த பிர்ச் கன்றிலிருந்து வரும், ஒரு கன்றுக்கு மூன்று, அது காய நான்கு நாள். முனை செய்யத்தான் பெரிய பயணம். பழைய இரும்புத் துண்டும் கனமான சுத்தியலும் நிலக்கரியும் தூக்கிக்கொண்டு உலை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். டெசலேஷன் பாயின்ட்டில் கிடக்கும் ரிக்கன் கப்பலிலும், ஃபோர்லார்ன் மஸ்கெக் சதுப்பில் ஸ்பென்ஸ் குடும்பத்து வீட்டிலும் உலை உண்டு. நெருப்பு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் இரும்பு வளையும். ஆனால் அங்கே ஓர் ஆறுதல். அம்பு உடைந்தாலும் முனையைப் பிரித்து எடுத்து வேறு தண்டில் பொருத்தலாம். ஐந்து முனை இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

எய்வதில் வித்தியாசம் இன்னும் கூடுதல். மைன்கிராஃப்ட்டில் முழுதாக இழுக்க ஒரு நொடி. இழுக்கும்போது நடை தளர்ந்துவிடும், ஆகவே ஓடிக்கொண்டே எய்யலாம் என்று நினைக்க வேண்டாம். பாதி இழுத்து விட்ட அம்பு பக்கத்திலேயே விழும். வில் 384 எய்தல்வரை தாங்கும். தேய்ந்த இரண்டை ஒன்றாக்கிப் புதுப்பிக்கவும் முடியும். குறுக்குவில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 1.25 நொடி எடுக்கும், ஆனால் ஏற்றியபடியே வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்ததும் ஓர் அடி அடிக்க அது நல்லது, தொடர்ந்து எய்ய வில்தான்.

வால்ஹைமில் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க உடல்வலு கரையும். ஆரம்பத்தில் நாண் ஆமை வேகத்தில்தான் வரும், எய்து எய்து திறன் ஏற ஏற வேகம் கூடும். இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். முதல் வில்லின் அடி, அதாவது எதிரிக்கு ஏற்படும் சேதம், 22, மர அம்பின் அடி 22, சேர்த்து 44. ஃபைன்வுட் வில்லுக்கு மாறினால் வில்லின் அடி 32, மொத்தம் 54. ஆனால் அதற்கு வேண்டிய மரத்தை வெட்ட வெண்கலக் கோடரி வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எட்டு மரத்தோடு இரண்டு சக்கிமுக்கிக் கல்லும் இரண்டு இறகும் சேர்த்தால் இருபது கூர் அம்பு வரும், அடி 27. பழைய வில்லிலேயே மொத்தம் 49. மேம்பாட்டில் பாதியை அம்பை மாற்றியே வாங்கிவிடலாம். வில் சரியில்லை என்று புலம்புவோரிடம் நான் முதலில் கேட்பது எந்த அம்பு போடுகிறீர்கள் என்றுதான். ட்ரோல் என்ற ராட்சதன் வரும்போதும் வில்லை நம்பலாம். குத்தும் ஆயுதத்தை அது தாங்காது, தடியால் அடித்தால் அதற்கு அதிகம் உறைக்காது. தள்ளி நின்று எய்யுங்கள்.

ரஸ்ட்டில் கவசம் இல்லாதவர் மேல் ஓர் அம்பு பட்டாலே உயிர்ப்புள்ளி நூறில் ஐம்பது போய்விடும். இரண்டாவது அம்புக்குள் அவர் மறைந்துவிட்டால் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆகவே முதல் அம்பு பட்டதும் இடம் மாறுங்கள், நின்று அடுத்ததை ஏற்றாதீர்கள். துப்பாக்கிபோல வெடிச் சத்தம் கிடையாது என்பதுதான் வில்லின் பலம். அந்தப் பலத்தை ஒரே இடத்தில் நின்று வீணாக்கக் கூடாது.

தி லாங் டார்க்கில் வேட்டை வேறு மாதிரி. மானிடம் குனிந்து நெருங்கலாம், ஆனால் குனிந்தபடி எய்ய முடியாது. வில் திறன் ஐந்தாம் நிலைக்கு வந்தால்தான் அந்தச் சலுகை. அதுவரை எழுந்து நின்றாக வேண்டும், எழுந்ததும் மான் தலையைத் தூக்கும். அந்த இடைவெளிக்குள் இழுத்து விட வேண்டும். ஓடி வந்த களைப்போடு எய்தால் கை ஆடும், எனவே கடைசி இருபது முப்பது அடியை மெதுவாகவே கடக்கிறேன். அம்பு சரியான இடத்தில் படாவிட்டாலும் கவலை இல்லை. அடிபட்ட மான் ஓடி, ரத்தம் சிந்தி, எங்காவது விழும். பனியில் சிவப்பு விழுந்திருக்கும் வழியே போனால் போதும்.

யாராவது முதல் வில்லுக்கு எந்த விளையாட்டு நல்லது என்று கேட்டால், குழந்தைகளோடு ஆடுபவருக்கு மைன்கிராஃப்ட், நண்பர்களோடு நீண்ட நாள் ஆட வால்ஹைம், மனிதர்களோடு மோதிப் பார்க்க விரும்புபவருக்கு ரஸ்ட் என்பேன். தனியாக உட்கார்ந்து, ஒரு குச்சி காய்வதைப் பார்க்கப் பொறுமை உள்ளவருக்குத் தி லாங் டார்க்கைக் கொடுப்பேன். அவருக்கு ஒரு வார்த்தை கூடுதலாக: முதல் மேப்பிள் கன்றைக் கண்ட அன்றே வெட்டிவிடுங்கள், உங்களிடம் இன்னும் ஒரு முயல்கூட இல்லாவிட்டாலும் சரி. குடல் பின்னால் வரட்டும். கன்றின் ஆறு நாள் வெட்டிய பிறகுதான் எண்ணத் தொடங்கும்.