ஆயா மரமா, புங்கனா?

வேலூர் வெயிலுக்கு நிழல் வேண்டும் என்றால் எல்லோரும் புங்கனைத்தான் சொல்வார்கள். ஆயா மரத்தைப் பலருக்கு அடையாளமே தெரியாது. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும், மூக்கைச் சுளிக்க வைக்கும். தை, மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். அப்புறம் கிளை முழுக்க வட்ட வட்டமாகக் காய். காகிதம் போல மெல்லிய இறக்கை, நடுவில் ஒரே விதை. காற்றடித்தால் அடுத்த தெருவுக்கே பறக்கும்.

புங்கனில் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும். கொழுந்து பளபளக்கும். முற்றிய இலையில் கொப்புளம் வந்தால் பயப்படாதீர்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

வளர்ப்பதிலும் புங்கன்தான் சுலபம். நெற்றை உடைத்து, விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் பையில் ஊன்றினால் முளைத்துவிடும். பாலாற்றங்கரையில் கிணற்று நீர் உப்பாகிப் போன இடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆயா விதையை உதிர்ந்த சூட்டோடு விதைக்க வேண்டும். மேலே மணல் லேசாகத் தூவினால் போதும், ஆழம் கூடாது.

வீட்டு வாசலுக்கு என் ஓட்டு புங்கனுக்கே. சித்திரைக் கத்திரியில் புது இலையோடு அடர்ந்து நிற்கும். ஆயாவின் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். மரமும் 20 மீட்டர் வரை ஓங்கிவிடும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டருகே வேண்டாம். ஏரிக்கரை, கொல்லை ஓரம் என்றால், சரி, தாராளமாக வையுங்கள்.