அளவெடுத்த மானிட்டரும் பொது அளவு மானிட்டரும்: ஒலித்தன்மை ஒப்பீடு

ஒரே டிரைவர்களும் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) ஒரே கிராஸ்ஓவரும் (அதிர்வெண்களை அவற்றுக்குப் பிரித்தனுப்பும் சுற்று) கொண்ட இன்-இயர் மானிட்டரை, அதாவது காதுக்குழாய்க்குள் பொருத்திக் கேட்கும் கருவியை, கஸ்டம் (அளவெடுத்தது), யுனிவர்சல் (பொது அளவு) என இரு வடிவங்களில் கேட்டால், வேறுபாடு முதலில் தெரிவது பாஸ் பகுதியில்தான். காதுக்குழாய் முழுமையாக அடைபட்டால் மட்டுமே தாழ்ந்த அதிர்வெண்கள் குன்றாமல் செவிப்பறையை எட்டும். சிறு இடைவெளி இருந்தாலும் மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி கனம் இழந்து, வலப்பக்கமான வலந்தலையின் நாதமே முன்னே நிற்கும். காதில் எடுத்த அச்சைக்கொண்டு வார்க்கப்படும் கஸ்டம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் அமர்வதால், அதன் பாஸ் எளிதில் மாறுவதில்லை. சென்னையின் புழுக்கத்தில் வியர்த்த காதில், யுனிவர்சலின் சிலிகோன் டிப் (காதுக்குள் செருகும் மென்முனை) சற்று நழுவினாலே சமநிலை குலைந்துவிடுகிறது.

உச்சப் பகுதி இதைவிட நுட்பமானது. அடைபட்ட காதுக்குழாயில் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஒத்ததிர்வு எழுகிறது. மானிட்டர் ஆழமாகச் செல்லச் செல்ல அது மேல்நோக்கி நகர்வதால், வயலினில் வில் உரசும் ஓசையின் கூர்மையும் மாறுகிறது. கஸ்டத்தில் அந்த ஆழம் நிலையானது. யுனிவர்சலிலோ டிப்பை மாற்றி நாமே திருத்திக்கொள்ளலாம். நுரையாலான ஃபோம் டிப் பொதுவாக உச்சத்தை மென்மையாக்கும்.

புறச்சத்தத் தடுப்பில், நன்கு பொருந்திய ஃபோம் டிப் கஸ்டத்தின் அக்ரிலிக் கூட்டுக்கு ஈடுகொடுக்கும்.

வாய் திறக்கும்போது காதுக்குழாயின் வடிவம் மாறும் என்பதால், டிசம்பர் சீசனில் மேடையேறும் பாடகருக்கு, வாயைத் திறந்தபடி அச்செடுத்த கஸ்டத்தையே பரிந்துரைப்பேன். புறநகர் ரயிலில் பாட்டுக் கேட்பவருக்கு, வாங்குமுன் கேட்டுப் பார்க்கவும் பின்னர் விற்கவும் எளிதான யுனிவர்சலே தாராளமாகப் போதும்.