சுருள் கரும்பலகை: ஒரே அறையில் மூன்று வகுப்பு எடுப்பவர்களுக்கு

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 34 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர்கள்தான். 4, 5 வகுப்புகள் தலைமையாசிரியரிடம். 1, 2, 3 மூன்றும் என்னிடம், ஒரே அறையில்.

அறையில் பெரிய கரும்பலகை ஒன்றுதான். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு எழுதி முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்பு வாசலுக்குப் போய்விடும். நான் முதுகைக் காட்டி நிற்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பெரிய பாடாக இருந்தது. அதற்காகவே ஜூனில் சேலத்தில் ஒரு கடையில் இரண்டு சுருள் கரும்பலகை வாங்கினேன். மூன்றடிக்கு நாலடி, ரெக்சின் துணி, மேலும் கீழும் மரக்கட்டை. ஒன்று 480 ரூபாய், சொந்தக் காசு.

காலையில் பிரார்த்தனைக்கு முன்பே கணக்கை எழுதி, எழுதிய பக்கம் சுவரைப் பார்க்க மாட்டிவிடுகிறேன். நேரம் வந்ததும் திருப்பினால் போதும். மூன்றாம் வகுப்பு தானாகவே ஆரம்பித்துவிடும்; நான் கீழே உட்கார்ந்து சின்னதுகளுக்கு ட, ப சொல்லிக்கொடுப்பேன். முதலில் முந்தின நாளே எழுதிச் சுருட்டி வைத்துப் பார்த்தேன். பாதி எழுத்து துணியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. எழுதினால் சுருட்டாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கீழ் விளிம்பு சுருண்டுகொண்டே இருக்கிறது. இரண்டாம் மாதமே ஒன்றில் கட்டையின் ஆணி கழன்றது, நானே அடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பளபளக்கும், ஓரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளை படியும். புதிதாக வாங்கியதும் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை பள்ளிகளுக்கு வந்தபோது, 2007 வாக்கில், பிள்ளைகள் எழுதுவதற்கென்று சுவரின் அடியில் தாழ்வாகக் கரும்பலகை அடித்தார்கள். எங்கள் அறையில் அது இன்னும் இருக்கிறது. அந்த வேலையைச் சுருள் பலகை செய்யாது; பிள்ளை எழுதப்போனால் ஆடுகிறது. இது பார்த்து எழுத மட்டும்தான். உங்கள் பள்ளியில் அந்தச் சுவர்ப் பலகை இருந்தால் தயவுசெய்து வெள்ளையடித்துவிடாதீர்கள்.

வாங்கும்போது கடையிலேயே முழுசாக விரித்து, எழுதிப் பாருங்கள். இரண்டாம் வகுப்புக்கும் தனியாக ஒன்று வேண்டும், பொங்கலுக்குள் வாங்கிவிடுவேன். இந்த முறை ஆணிக்குப் பதில் திருகு போட்டதாகக் கேட்டு வாங்க வேண்டும்.