பத்து, முப்பது, நூறு: எஸ்எஸ்எச்சோடு எட்டு வருடம்

தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சை தினமும் பயன்படுத்த ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. சுமார் நாற்பது லினக்ஸ் சர்வர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பேக்கப் சர்வர். வேகத்திலோ பாதுகாப்பிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது இணைப்பு வரம்புதான்.

ஒரு மாதம் முழுக்க, இரவு இரண்டு மணி பேக்கப்பில் நாலைந்து சர்வர்கள் விடுபட்டுக்கொண்டே இருந்தன. ஒரே சர்வர் என்றாலாவது பிடித்துவிடலாம். தினமும் வேறு வேறு. 'கெக்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்று தொடங்கி, எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று முடியும் ஒரு வரிதான் மிச்சம். காலையில் கையால் முயன்றால் ஒழுங்காகப் போகும். "லைன்தாண்ணே சரியில்லை" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. நானும் நம்பி இணையச் சேவைக்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

பேக்கப் சர்வரின் லாக்கில், அதாவது பதிவுக் கோப்பில்தான் 'மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் த்ராட்லிங்' என்ற வார்த்தை கண்ணில் பட்டது. மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் என்ற அந்த வரம்பின் இயல்பான மதிப்பு 10:30:100. இன்னும் லாகின் முடிக்காத இணைப்புகள் பத்தைத் தொட்டதும், புதிதாக வருவதில் நூற்றுக்கு முப்பதை சர்வர் குருட்டாம்போக்கில் விரட்டும். எண்ணிக்கை ஏற ஏற விரட்டுவதும் கூடும். நூறானால் யாருக்கும் இடமில்லை. உள்ளே வந்து வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், வாசலில் நிற்பவர்கள் மட்டும்தான். சீட்டுக் குலுக்கல் மாதிரி விரட்டுவதால்தான் பார்ப்பவருக்கு நெட்வொர்க் கோளாறு போலவே தெரிகிறது.

எங்கள் நாற்பது சர்வர்களும் ஒரே நொடியில் கதவைத் தட்டின. போதாததற்கு, எஸ்எஸ்எச்சின் வாசலான போர்ட் 22 வெளியே திறந்து கிடந்ததால் கடவுச்சொல்லை ஊகிக்கும் 'பாட்' என்ற தானியங்கி நிரல்களும் வாசலில் நின்றன. லாகின் செய்யாமல் இரண்டு நிமிடம் நிற்க 'லாகின்கிரேஸ்டைம்' அனுமதிக்கிறது.

வரம்பை ஆயிரமாக்கு என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்திருந்தால் அந்த பாட் நிரல்களுக்குத்தான் கூடுதல் இடம் கிடைத்திருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒவ்வொரு சர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு தாமதம் விழும்படி செய்தேன், கிரேஸ்டைமை முப்பது நொடியாகக் குறைத்தேன், ஃபயர்வாலில் எங்கள் முகவரிகளை மட்டும் விட்டேன். அன்றிரவே நாற்பதும் வந்துவிட்டன. மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸில் கை வைக்கவே இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளும் வேறு இரண்டு வரம்புகள் உண்டு. 'மேக்ஸ்செஷன்ஸ்' ஒரே இணைப்புக்குள் பத்து செஷன்தான் தரும். ஒரே இணைப்பைப் பல டேப்களுக்குப் பகிரும் கன்ட்ரோல்மாஸ்டர் வைத்து டேப் டேபாகத் திறப்பவர்களுக்கு பதினோராவது டேப் மட்டும் மறுபடி ஓடிபி கேட்டால் காரணம் இதுதான். ஒரு இணைப்பில் லாகினுக்கு எத்தனை முயற்சி என்பதைச் சொல்லும் 'மேக்ஸ்ஆத்ட்ரைஸ்' ஆறு. லாகின் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்டில் ஏழெட்டுச் சாவிகளை அடைத்து வைத்திருந்தால், சரியான சாவியின் முறை வருவதற்குள் வெளியே தள்ளிவிடும். கிளையன்ட் கான்ஃபிகில் அந்த சர்வருக்கு உரிய சாவியைக் குறிப்பிட்டு, 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி' யெஸ் என்று போட்டால் முடிந்தது.

2024இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்புக்கு மாறிய பிறகு ஒரு புதுத் தலைவலி. தப்பான முயற்சிகள் தொடர்ந்து வரும் முகவரியைச் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும் 'பெர்சோர்ஸ்பெனால்ட்டீஸ்' அதில் தானாகவே இயங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் அலுவலகம் முழுக்க ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. ஒருவரின் பழைய ஸ்கிரிப்ட் தப்பான சாவியோடு முட்டிக்கொண்டே இருக்க, மொத்த அலுவலகமும் வெளியே நின்றது. விதிவிலக்குப் பட்டியலில் எங்கள் ஐபியைச் சேர்த்துச் சமாளித்தேன்.

அப்புறம் ஒன்று. கான்ஃபிகைத் தொட்டால் 'sshd -t' கொடுத்துப் பிழை பார்த்துவிட்டுத்தான் ரீலோட் செய்வேன். அப்போதும் பழைய செஷன் ஒன்றை மூடாமல் வைத்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மறந்து, சர்வருக்குள் நுழைய வழியில்லாமல் டேட்டா சென்டருக்கு ஆட்டோ பிடித்திருக்கிறேன்.