ஆம்னியா, இன்னோவாவா, பழைய டாடா எஸ்டேட்டா: டெல்டாவில் ஓடும் காரைப் படம் எடுக்க எது?

ஓடுகிற காரைப் படம் எடுக்க இன்னொரு கார் வேண்டும். அது முன்னால் போகும். அதன் டிக்கிக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே குப்புறப் படுத்துக்கொள்வோம். எடுக்க வேண்டிய கார் பின்னாலேயே வரும். இந்த முன்வண்டி வேலைக்குக் கும்பகோணத்தைச் சுற்றி மூன்று வண்டிகளை வைத்துப் பார்த்துவிட்டேன்: நண்பரின் மாருதி ஆம்னி, வாடகைக்கு எடுத்த இன்னோவா, கடைசியில் நானே வாங்கிய டாடா எஸ்டேட் (பின்பக்கம் சாமான் வைக்க நீளமாக இருக்கும் ஸ்டேஷன் வேகன் கார்). வாங்கியவன் என்பதால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காரணம் இருக்கிறது.

இடவசதியில் மூன்றுமே போதும். செலவு என்று பார்த்தால் ஆம்னிதான் மலிவு, இன்னோவா வாடகை கையைக் கடிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது ஆட்டம். வண்டி எவ்வளவு ஆடுகிறது என்பது மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 1/60 செகண்ட் ஷட்டர் வைத்தால், அந்த நேரத்துக்குள் சாலை சுமார் 28 செ.மீ. நகர்ந்துவிடும். அந்த நகர்வுதான் படத்தில் தார்ச்சாலையைக் கோடு கோடாக இழுத்து, சக்கரத்தைச் சுழல வைக்கிறது. நான்குவழிச் சாலையில் இது சுலபம். நம் ஊர் ஆற்றங்கரைச் சாலையில் 60 எங்கே போவது? திருவையாற்றிலிருந்து கல்லணை போகும் காவிரிக்கரைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு, மதகு மேடு, குளிக்கப் போகிறவர்கள், மாடு. அறுவடைக் காலத்தில் சில கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். 30-க்கு மேல் போகக் கூடாது, போகவும் முடியாது. 30-ல் அதே 28 செ.மீ. நகர்வு வேண்டுமென்றால் ஷட்டர் 1/30. இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்றால் 1/15. அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருக்கும்போது முன்வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் போச்சு, பின்னால் வரும் காரின் முகமே கலங்கிவிடும். மெதுவாகப் போகப் போக வேலை சுலபமாகும் என்று நானும் முதலில் நினைத்தேன். நடப்பது நேர்மாறு.

ஆம்னி இங்கேதான் தோற்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 1840 மி.மீ.தான், எடையும் குறைவு, சின்னச் சக்கரம். ஒவ்வொரு மதகிலும் துள்ளும். 1/30-ல் நாற்பது படம் எடுத்தால் இரண்டு மூன்றுதான் கூர்மையாக வந்தன. எஸ்டேட் கனமான வண்டி. பின்சீட்டை மடக்கினால் கால் நீட்டிப் படுக்கலாம். பின்சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு நெல் மூட்டையைப் போட்டு, அதன்மேல் நெஞ்சை வைத்துக்கொள்வேன். மூட்டையின் கனம் வண்டியை அமுக்கும், நெல் என் உடம்பின் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். லென்ஸ் பின்னால் வரும் காரின் ஹெட்லைட் உயரத்துக்கு இறங்கிவிடும். கார் கம்பீரமாகத் தெரிவது அந்த உயரத்தில்தான். ஓட்டுவது மச்சான். டீசல் சத்தத்தில் பேச்சு கேட்காது. தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்றாவது கியரிலேயே ஒரே சீராக இழுத்துக்கொண்டு போவான். இப்போது நாற்பதில் பத்துப் பன்னிரண்டு தேறுகிறது.

இன்னோவாவில் இரண்டு முறைதான் எடுத்திருக்கிறேன், இரண்டும் நல்ல சாலை. ஆட்டம் குறைவு என்பது நிச்சயம். கரைச் சாலையிலும் அப்படியே இருக்குமா என்று அந்த இரண்டு முறையை வைத்துச் சொல்ல மாட்டேன். அப்புறம், வாடகை வண்டிக்காரர் டிக்கியைத் திறந்துகொண்டு போகச் சம்மதிக்க வேண்டும். முதல் ஆள் மறுத்துவிட்டார், அவர் மேல் தப்பில்லை.

எஸ்டேட்டின் குறைகளை மறைக்கக் கூடாது. டிக்கி திறந்த நிலையில் ஓடினால் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, புகை உள்ளே சுருண்டு வரும். முதல் நாள் அரை மணியில் தலைவலி வந்து வாந்தியே எடுத்தேன். இது விளையாட்டில்லை, புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். இப்போது முன் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கிவிடுகிறோம். இடுப்பு பெல்ட் போட்டு உள்ளே கட்டிக்கொள்ளாமல் படுப்பதே இல்லை. நேரமும் விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத சாலை மட்டும். டிக்கியைத் தாங்கும் கேஸ் கம்பி ஒருநாள் தளர்ந்து கதவு முதுகில் இறங்கியது. அன்றிலிருந்து அளவாக வெட்டிய சவுக்குக் கம்பு ஒன்று முட்டுக்கு வண்டியிலேயே கிடக்கிறது.

பராமரிப்பில் இன்ஜின் பயமில்லை. 1992-ல் வந்த இந்த வண்டியின் 1948 சி.சி. டீசல் இன்ஜின், டாடாமொபைல், சியரா, பழைய சுமோ எல்லாவற்றிலும் இருந்த அதே குடும்பம். சுமோ பார்த்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். பயம் பாடியில். பின்விளக்கு, கதவு பீடிங் எல்லாம் தேடி அலைய வேண்டும். தரங்கம்பாடிக் கடற்கரையில் படம் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழுவாமல் விட்டேன். அடுத்த மழைக்குள் பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்புளித்தது. விரலால் அமுக்கினால் உள்ளே போனது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று ஒரு மாத வருமானம். இப்போது கடற்கரைக்குப் போனால் அன்றைக்கே அடித்தட்டை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

பழைய வண்டிதானே, விண்டேஜ் என்று பதியலாமே என்று கேட்கிறார்கள். அதற்கு 50 வயது ஆக வேண்டும், அப்படிப் பதிந்தால் தொழிலுக்கு ஓட்டவும் கூடாது. 15 ஆண்டு முடிந்த மற்ற கார்களைப் போல ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆம்னியை விட முடியவில்லை. பக்கவாட்டில் இணையாகப் போய் எடுக்க அதன் தள்ளு கதவுக்கு ஈடு இல்லை. பைபாஸில் அப்படி ஒரு படம் கேட்டால் இன்றும் நண்பருக்குத்தான் போன் போடுகிறேன்.