மெட்டல் டிடெக்டர் வாங்குமுன்: நான்கு கடற்கொள்ளையர் புதையல் கதைகள்

கடற்கொள்ளையர் புதையலில் ஆர்வம் வந்தவுடன் பலரும் முதலில் விலை விசாரிப்பது மெட்டல் டிடெக்டருக்குத்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். எந்தக் கதையின் பின்னால் போவது என்று முடிவு செய்வதற்கே சில மாதம் பிடிக்கும். தவறான கதையைப் பிடித்துவிட்டால் மாதங்கள் வருடங்களாகிவிடும்.

புதையலின் மதிப்பு எத்தனை கோடி என்று நான் பார்ப்பதில்லை. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் அதைப் பற்றிய முதல் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன். இந்தக் கணக்கில் கேப்டன் வில்லியம் கிட், லா பூஸ் என்ற இரண்டு கொள்ளையர்கள், ஓக் தீவு, கோகோஸ் தீவு என்ற இரண்டு தீவுகள், இந்த நான்கு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

கிட் கதையில் இடைவெளி சில வாரங்கள்தான். 1699 ஜூனில் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குக் கிழக்கே உள்ள கார்டினர்ஸ் தீவில் ஒரு பெட்டியையும் தங்கத்தையும் சில துணிச் சிப்பங்களையும் விட்டுச் சென்றார். ஜூலையில் பாஸ்டனில் கைதானார். அதே மாதம் தீவின் உரிமையாளர் ஜான் கார்டினர் வாக்குமூலம் கொடுத்தார். அந்தக் காலனிகளின் ஆங்கிலேய ஆளுநர் பெல்லமோன்ட் எல்லாவற்றையும் கைப்பற்றிப் பட்டியல் போட்டார். மற்ற இடங்களில் சிக்கியவற்றையும் சேர்த்து 1,111 அவுன்ஸ் தங்கம், 2,353 அவுன்ஸ் வெள்ளி, கொஞ்சம் ரத்தினக் கற்கள், அப்புறம் 57 மூட்டை சர்க்கரை. சர்க்கரையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனால் 1698 ஜனவரியில் கேரளக் கடற்கரைக்கு அப்பால் கிட் பிடித்த 'குவேடா மெர்ச்சன்ட்' வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல். மஸ்லினும் பட்டும் அபினும் சர்க்கரையும்தான் அதன் செல்வம். வைரமும் முத்தும் வழியும் பெட்டி சித்திரக்காரர்களின் கைவண்ணம்.

சரி, எல்லாம் கைப்பற்றப்பட்டுவிட்டதே, பிறகு ஏன் அமெரிக்கக் கிழக்குக் கரை முழுக்க 'கிட் புதையல்' தேடினார்கள்? ஒரு கடிதம். லண்டனில் விசாரித்து மரண தண்டனை விதிக்கப்பட்டபின், கிட் தான் ஒரு லட்சம் பவுண்ட் மதிப்புள்ள செல்வத்தை ஓரிடத்தில் விட்டுவைத்திருப்பதாகவும் கூட்டிப்போனால் எடுத்துத் தருவதாகவும் லண்டன் நாடாளுமன்ற அவைத்தலைவருக்கு எழுதினார். கழுத்தில் கயிறு விழப்போகிறவர் பேசும் பேரம் அது. அவைத்தலைவர் மசியவில்லை, 1701 மே 23 அன்று தூக்கில் போட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்கள்தான் மசிந்தார்கள். 2015-ல்கூட மடகாஸ்கர் கடலில் சுமார் 50 கிலோ எடையுள்ள 'கிட்டின் வெள்ளிக் கட்டி' கிடைத்ததாக ஊரெல்லாம் செய்தி. யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்தபோது அதில் 95 சதவீதம் ஈயம்.

லா பூஸ் கதை இதற்கு நேர் எதிர். கொள்ளை அசல். 1721-ல் கோவாவிலிருந்து லிஸ்பனுக்குப் போன போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிதைந்து இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் நின்றிருந்தது. ஒலிவியே லெவாசர் என்ற லா பூஸும் ஜான் டெய்லரும் அதைப் பிடித்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் ஒருவர் பதவி முடிந்து ஊர் திரும்பிய கோவாவின் வைஸ்ராய். 1730 ஜூலை 7 அன்று ரியூனியனில் லா பூஸ் தூக்கிலிடப்பட்டார். இதுவரை சிக்கல் இல்லை. தூக்குமேடையில் நின்றபடி ஒரு சங்கேதத் தாளைக் கூட்டத்தில் வீசி, "முடிந்தவன் என் புதையலை எடுத்துக்கொள்" என்றாராம். அந்தத் தாள் அச்சில் வந்த ஆண்டு 1934. இருநூறு வருடம் அது எங்கே இருந்தது?

ஆனாலும் ஒரு மழைநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. மொத்தம் 17 வரி. கட்டங்களின் மூலைகளை எழுத்துகளாக வைக்கும் எளிய முறை என்பதால் பென்சிலும் பொறுமையும் போதும். அவிழ்த்தால் வருவது எழுத்துப்பிழை மலிந்த பிரெஞ்சு: ஒரு ஜோடி புறா, ஒரு கரண்டி தேன், குதிரைத் தலை... புதையலுக்கு வழி சொல்வதாகத் தெரியவில்லை, யாரோ பாட்டி சொன்ன கை வைத்தியம் மாதிரி இருக்கிறது. இதை நம்பி ரெஜினால்ட் குரூஸ்-வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1949-ல் தொடங்கி 1977-ல் இறக்கும்வரை செஷல்ஸின் மாஹே தீவில் பெல் ஓம்ப்ர் கடற்கரையைத் தோண்டினார். மகனும் விடவில்லை.

ஓக் தீவைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1795-ல் ஓர் இளைஞர் பள்ளம் ஒன்றைப் பார்த்தாராம். அச்சில் முதல் செய்தி வந்தது 1850-களில். எந்தக் கொள்ளையரையும் அந்தத் தீவோடு சேர்க்கும் பழைய தாள் ஒன்றுமில்லை. கிட் பெயரைப் பின்னால் ஒட்டவைத்தார்கள். அந்தப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து தானாகவே குழி விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூட 1909-ல் இந்தத் தேடலில் சேர்ந்திருந்தார். 1965-ல் ஒரே நாளில் நான்கு பேர் ஒரு குழிக்குள் விஷவாயுவில் இறந்தார்கள். ஒரு வதந்தி எப்படி வளர்கிறது என்று ஆராய நினைப்பவருக்கு இது தங்கச் சுரங்கம். மற்றவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

பசிபிக் கடலில் உள்ள கோகோஸ் தீவு? 1820-ல் பெருவின் லிமா நகரத்துச் செல்வத்தைக் கப்பல் தலைவர் ஒருவர் சுருட்டிக்கொண்டு போய் அங்கே புதைத்தார் என்பது கதை. அகஸ்ட் கிஸ்லர் என்ற ஜெர்மானியர் 1889 முதல் 1908 வரை அங்கேயே குடியிருந்து தோண்டினார். கோஸ்டாரிகா அரசு அவரைத் தீவின் ஆளுநராகவும் ஆக்கியது. கிடைத்தது சில தங்கக் காசுகள். மலையைக் கெல்லி எலி பிடித்த கதையில் எலியாவது முழுசாகக் கிடைத்தது. இப்போது அது தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியச் சின்னம். மண்வெட்டியோடு இறங்க முடியாது.

கார்டினர்ஸ் தீவிலும் இறங்க முடியாதுதான், அது தனியார் சொத்து. ஆனால் அங்கே இறங்கத் தேவையே இல்லை. இங்கிலாந்தின் காலனி நாட்டு அரசு ஆவணங்களின் 1699-ஆம் ஆண்டுத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. பெல்லமோன்ட்டின் கடிதங்களை வீட்டு மேசையிலேயே படிக்கலாம். தாளை நம்பிப் போனால் நிஜமாகவே பொருள் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு 'விடா' கப்பல் பதில் சொல்லும். புதைத்த புதையல் இல்லை, 1717-ல் கேப் காட் அருகே புயலில் மூழ்கிய கொள்ளைக் கப்பல். அப்போதே மாசசூசெட்ஸ் ஆளுநர் அனுப்பிய சைப்ரியன் சவுதாக் எழுதிவைத்த கடிதங்களும் வரைபடமும்தான் 1984-ல் அதைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தன. மறு ஆண்டு, கப்பலின் பெயர் பொறித்த மணியும் மேலே வந்தது.

ஆக, நேரமும் ஆர்வமும் மட்டும் உள்ளவருக்கு நான் கிட்டையே கைகாட்டுவேன். அவர் விஷயத்தில் கிடைத்த பெரிய புதையலும் ஒரு தாள்தான். பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க இங்கிலாந்து அரசு கிட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தது. தான் பிடித்த கப்பல்களிடம் பிரெஞ்சு அனுமதிச் சீட்டுகள் இருந்தன, எனவே அது சட்டப்படி நடந்த பிடிப்பு என்று விசாரணையில் கிட் திரும்பத் திரும்பச் சொன்னார். சீட்டுகளைக் காணோம் என்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் வேறு காகிதங்களுக்கு நடுவே அவை பத்திரமாக இருந்தன.