ஹாம்ப்டன் ரோட்ஸ் பாலத்தடியில் இரவு மீன்பிடிப்பு: வழிகாட்டியுடன் கயாக்கா, வாடகை விசைப்படகா, தனிக் கயாக்கா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக்கையும் ஹாம்ப்டனையும் இணைக்கும் ஹாம்ப்டன் ரோட்ஸ் பாலச்சுரங்கம் (பாதி பாலமும் பாதி நீரடிச் சுரங்கமுமான சாலை) 1957ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இலையுதிர்காலம் முடிந்து குளிர் இறங்கும் வாரங்களில், இரவு நேரத்தில் அந்தப் பாலத்தின் நிழல் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குப் பதுங்கிடமாகிவிடுகிறது. செசபீக் விரிகுடாப் பக்கத்து மக்கள் இம்மீனை ராக்ஃபிஷ் என்றே அழைக்கிறார்கள். அதைத் தேடி இரவில் செல்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன: வழிகாட்டியுடன் கயாக்கில் (துடுப்பாலோ காலாலோ செலுத்தும் குறுகிய சிறு படகில்) போவது, உரிமம் பெற்ற ஓட்டுநரின் விசைப்படகில் இடம் பிடிப்பது, சொந்தக் கயாக்கில் தனியே இறங்குவது.

எது மேல் என்று சொல்வதற்கு முன், அந்த மீன் அங்கே என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாலத்து விளக்குகளின் ஒளி தண்ணீரில் விழுமிடத்துக்கும் பாலத்தின் நிழலுக்கும் இடையே, கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை உண்டாகிறது. வெளிச்சத்தை நாடிச் சிறு மீன்கள் கூடுகின்றன. ஸ்ட்ரைப்டு பாஸ் அந்தக் கோட்டின் இருட்டுப் பக்கத்தில், நீரோட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்து, ஓட்டம் கொண்டுவரும் இரைக்காகக் காத்து நிற்கிறது. அமைதியான இரவில் உற்றுப் பார்த்தால், ஒளியின் விளிம்பையொட்டிச் சாம்பல் நிற முதுகுகள் வரிசையாக அசையாமல் நிற்பது தெரியும். திடீரென அவற்றில் ஒன்று முன்னே பாயும், நீர்ப்பரப்பில் ‘பொளக்’கென்று ஓர் ஒலி எழும், மறுகணம் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஆகவே தூண்டிலை ஓட்டத்தின் மேற்புறத்தில் எறிந்து, இரை தானாகவே அந்தக் கோட்டை நோக்கி மிதந்து வரும்படி விடுவதுதான் இங்கே முழுக் கலையும்.

இந்தக் கலைக்குக் கயாக் மிகவும் பொருந்துகிறது. ஆழமற்ற பகுதியிலும் தூண்களின் அருகிலும் அது ஓசையின்றி நெருங்குகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பவரின் உருவமும் மீனுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. எனினும் விசைப்படகு என்றாலே இரைச்சல் என்று ஒதுக்குவது நியாயமாகாது. முன்புறத்தில் மின்மோட்டார் பொருத்தி, ஜிபிஎஸ் உதவியால் ஒரே இடத்தில் நிற்கும் படகுகள் இன்று பரவலாகிவிட்டன; அத்தகைய படகை நடத்துபவர் பொறுமைசாலியாக இருந்தால் ஓசையைப் பொறுத்தவரை வேறுபாடு சிறியதே. மேலும் ஒரு தூணில் மீன் இல்லையென்றால் படகு சில நிமிடங்களில் வேறிடம் போய்விடும், கயாக்கால் அது முடியாது. சிறிய வாடகைப் படகில் ஆறு பேர் வரை போகலாம் என்பதால் குடும்பத்துடன் செல்பவர்களுக்கும், முதுகுவலி உள்ளவர்களுக்கும் நான் தயங்காமல் படகையே சொல்வேன். ஆனால் நால்வர் ஒரே நிழற்கோட்டை நோக்கி எறியும்போது, அவரவர் முறைக்குக் காத்திருக்கும் நேரமே மிகுதியாகிவிடுகிறது.

மீனைத் திருப்பி விடுவதில் கயாக்குக்கு உள்ள நன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்ட்ரைப்டு பாஸ் வளம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2024 முதல் இந்த விரிகுடாவில் ஒருவர் ஒரு நாளில் ஒரே மீனை, அதுவும் 19 முதல் 24 அங்குல நீளத்துக்குள் இருந்தால் மட்டுமே, வைத்துக்கொள்ள முடிகிற நிலை வந்தது. ஆகவே பிடிபடுவதில் பெரும்பகுதி தண்ணீருக்கே திரும்புகிறது. அப்படி விடப்படும் மீன்களில் நூற்றுக்கு 9 பிறகு இறந்துவிடுவதாக மீன்வள மேலாண்மைக் கணக்குகள் எடுத்துக்கொள்கின்றன. படகின் உயரத்திலிருந்து தூக்கித் தளத்தில் போடாமல், மீன் தண்ணீரில் இருக்கும்போதே தூண்டில் முள்ளைக் கழற்றி விடுவதற்குக் கயாக்கின் தாழ்ந்த விளிம்பு வழிசெய்கிறது. இயற்கை இரை போடுபவர், மீன் விழுங்கிவிடாமல் வாயோரத்தில் மாட்டும் வட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021 முதல் நடப்பில் இருப்பதும் இதே கவலையால்தான்.

தனியே போவதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு டிசம்பர் இரவில் நல்ல மீனொன்று மாட்டியது. அதோடு போராடிய இரண்டே நிமிடங்களில் நீரோட்டம் என்னைப் பாலத்துக்கு அடியில் இழுத்துப்போய்ச் சிப்பி படிந்த தூணில் பக்கவாட்டாகச் சாத்தியது. தூண்டில் நரம்பு அறுந்தது, மீன் போயிற்று. கயாக் கவிழாமல் தப்பியது என் திறமையால் அல்ல. குளிர்நீரில் விழுந்தவர் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. உடலை நனையவிடாத உடுப்பும் மிதவைச் சட்டையும் இல்லாமல் அந்தக் கணக்கோடு விளையாடக் கூடாது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு மதிப்பு இங்கேதான் இருக்கிறது. எந்த மணியில் கடல்நீரின் ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும், காற்று ஓட்டத்தை எதிர்த்து வீசினால் அலை எப்படி எழும், கப்பல்கள் செல்லும் கால்வாயிலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பவை அவருக்குப் பழக்கத்தில் ஊறியவை. 2020இல் தொடங்கிய விரிவாக்கப் பணியால் கட்டுமானத் தெப்பங்களும் அணுகக் கூடாத இடங்களும் மாறிக்கொண்டே இருந்த பகுதி இது. பழைய வரைபடத்தை நம்பி இரவில் நுழைவது தவறு.

கயாக்கிலும் துடுப்பால் செல்வதைவிடக் காலால் மிதித்துச் செல்வதே இங்கு மேல். ஓட்டத்துக்கு எதிராக இடத்தைப் பிடித்துக்கொண்டே இரு கைகளாலும் தூண்டிற்கோலைக் கையாளலாம். பின்னோக்கி மிதிக்கும் வசதியும் இருந்தால் மீனைத் தூணிலிருந்து விலக்கி இழுக்கலாம்.

முதல் முறை போகிறவருக்கும், விரிகுடா ஓட்டத்தில் பழகாத நல்ல கயாக்காரருக்கும் வழிகாட்டியுடன் கயாக் என்பதே என் தேர்வு. முன்பணம் கொடுப்பதற்கு முன், காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் பயணத்தை ரத்து செய்வீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஓர் எண்ணை உடனே சொல்பவரோடு போங்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரிடம் முன்பதிவு செய்யாதீர்கள்.